செயன்முறையும் உயர்கல்வியும்: பூனே திரைப்பட நிறுவனத்தின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கையாற் செய்யப்படுவது தொழில், மூளையாற் செய்யப்படுவது கல்வி என்னும் பாகுபாடு எமது பல்கலைக்கழகங்களில் ஆழ வேரூன்றிய ஒன்றாகும். கவிதையை ஆராய்பவர் கவிதை எழுத வேண்டுமென எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஓவிய வரலாறு கற்பவர் தூரிகை பிடிக்க வேண்டியதுமில்லை. ஆனால் ஆய்வுகூடத்தினுள் நுழையாத ஒருவருக்கு இரசாயனவியலிற் பட்டம் வழங்க எப்பல்கலைக்கழகமும் இசையாது. திரைப்படக் கல்வி இவ்விரண்டனுள் எதனைச் சார்ந்தது? பட்டம் பெற்ற ஒருவர் மேற்கொண்டு மூன்றாண்டுகள் கமராவுடனும் ஒலிப்பதிவுக் கருவியுடனும் படத்தொகுப்பு மேசையிலும் செலவிட்டு, இறுதியில் ஒரு குறும்படத்தைச் சமர்ப்பிப்பாராயின், அதனை உயர்கல்வி எனக் கொள்ளலாமா? தென்னாசியாவில் இவ்வினா முதன்முதலாக விரிந்த அளவில் பரிசோதிக்கப்பட்ட இடம் பூனே நகராகும். அங்கு 1960இல் நிறுவப்பட்ட இந்தியத் திரைப்பட நிறுவனத்தின் வரலாற்றை இந்நோக்கிற் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறுவனம் எழுந்த சூழல்

இந்தியாவில் திரைப்படத் தொழில் நெடுங்காலம் ஸ்ரூடியோக்களினுள்ளேயே கற்கப்பட்டு வந்தது. 1929இல் கோலாப்பூரில் தொடங்கப்பட்டு 1933இல் பூனேக்குப் பெயர்ந்த பிரபாத் நிறுவனம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நடிகர், ஒளிப்பதிவாளர், தச்சர், ஒப்பனையாளர் யாவரும் அங்கு மாதச் சம்பளம் பெறும் ஊழியராய் இருந்தனர். புதிதாகச் சேர்பவர் மூத்தவருக்கு எடுபிடியாய் இருந்து, பார்த்துப் பழகித் தொழிலைக் கற்றுக்கொண்டார். குருவின் அறிவு சீடனுக்குக் கைமாறியதேயன்றி, அவ்வறிவு ஏன் அவ்வாறு அமைந்தது எனக் கேட்பதற்கு அங்கு இடமிருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இவ்வமைப்புச் சிதைந்தது. போர்க்காலத்திற் கணக்கிற் காட்டப்படாது திரண்ட பணம் திரைப்படத்தை நாடியது. தனித்தனிப் படங்களுக்கு மட்டும் முதலிடும் தயாரிப்பாளர் தோன்றினர். நட்சத்திரங்களின் ஊதியம் பெருகியது. நிலையான ஊழியரைப் பேணிய ஸ்ரூடியோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. வீழ்ந்தவற்றோடு அவை அளித்து வந்த பயிற்சியும் அற்றுப்போயிற்று. 1949இல் நியமிக்கப்பட்ட எஸ். கே. பாட்டீல் தலைமையிலான திரைப்பட விசாரணைக் குழு 1951இற் சமர்ப்பித்த அறிக்கையில், பயிற்சி நிறுவனம் ஒன்றையும் கடன் வழங்கும் கூட்டுத்தாபனம் ஒன்றையும் அரசு அமைத்தல் வேண்டுமென விதந்துரைத்தது. இவ்விரு விதந்துரைகளும் ஒரே பிரச்சினையின் இரு பக்கங்களாகும் என்பதனை நாம் மனங்கொள்ளல் வேண்டும். ஒன்று ஆற்றலை உருவாக்குவது. மற்றையது அவ்வாற்றல் தொழிற்படுவதற்கு முதலைத் தருவது. ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 1960இல் இரண்டும் செயலுருப் பெற்றன. மூடப்பட்ட பிரபாத் ஸ்ரூடியோவின் வளவே திரைப்பட நிறுவனத்திற்கு இடமாயிற்று. ஸ்ரூடியோ முறை மறைந்த அதே தளத்தில் அதன் இடத்தை நிரப்பப் பள்ளி எழுந்தமை வெறுமனே தற்செயலான நிகழ்ச்சியன்று.

இதற்கு முன்னரும் தொழினுட்பக் கல்வி இல்லாமலில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் 1940களில் பலதொழினுட்பக் கல்லூரிகளில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்பிக்கப்பட்டன, ஒளிப்பதிவாளர் வி. கே. மூர்த்தி பெங்களூரிற் பயின்றவரே. எனினும் அவை கருவியைக் கையாளக் கற்பித்தன; கருவியைக் கொண்டு எதனைச் சொல்வது என்ற வினா அங்கு எழவில்லை. பூனேயிலோ நெறியாள்கை, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என்பன ஒரே கூரையின்கீழ் வந்தன. நெறியாள்கை மாணவர் பட்டதாரியாய் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையும் இவ்வேறுபாட்டை உணர்த்துவதாகும்.

செய்தலும் அறிதலும்

செயன்முறை வாயிலாகத் திரைப்படத்தை ஆராயும் மரபுக்கு மொஸ்கோவே பிறப்பிடமாகும். 1919இல் அங்கு அரசு திரைப்படப் பள்ளியை நிறுவியபோது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது; படச்சுருள் கிடைத்தற்கரியதாயிற்று. லெவ் குலெசோவும் அவருடைய மாணவரும் படச்சுருளின்றியே படங்களை மேடையில் நிகழ்த்திப் பயின்றனர். ஒவ்வொரு காட்சித்துண்டும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், எதன்பின் எது வரவேண்டும் என்பன அப்பயிற்சியிலே கணிக்கப்பட்டன. இரு காட்சித்துண்டுகள் அருகருகே வைக்கப்படும்போது அவை தனித்தனியே கொண்டிராத ஒரு பொருள் பிறக்கின்றது என்ற கொள்கை அப்பட்டறையிலே உருப்பெற்றதாகும். அங்கு மாணவராயிருந்த புடொவ்கின் பின்னர் அக்கொள்கையை நூலாகவும் படமாகவும் வளர்த்தார். கோட்பாடு முதலிலும் செயன்முறை அதன்பின்னரும் வரும் என்ற வழமையான ஒழுங்கு இங்கு தலைகீழாகின்றது.

பூனேயிலும் பற்றாக்குறையே ஆசானாய் அமைந்தது எனலாம். அந்நாளிற் படச்சுருள் அந்நியச் செலாவணி செலவிட்டு இறக்குமதி செய்யப்பட்ட பண்டமாகும். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட அரச தொழிற்சாலை 1960களின் பிற்பகுதியிலேயே உற்பத்தியைத் தொடங்கிற்று. மாணவருக்கு அளந்தே சுருள் வழங்கப்பட்டமையால், ஒவ்வொரு அடியையும் நியாயப்படுத்தும் கடப்பாடு அவர்களுக்கு ஏற்பட்டது. கமராவை இங்கு ஏன் வைக்கவேண்டும், இத்துண்டை இங்கு ஏன் வெட்டவேண்டும் என்ற வினாக்களுக்குத் தாளில் விடை கண்ட பின்னரே கமரா சுழன்றது. சிறு பயிற்சிகளில் தொடங்கி டிப்ளோமாப் படத்தில் முடியும் பாடநெறியில், ஒவ்வொரு படமும் நான்கு துறை மாணவர் இணைந்த கூட்டுழைப்பாயிற்று. தனி ஆசிரியன் தனியறையில் எழுதும் ஆய்வேட்டுக்கும் இதற்குமுள்ள அடிப்படை வேறுபாடு இதுவேயாம்.

செய்கை தனித்து நின்றிருப்பின் அது மீண்டும் எடுபிடிப் பயிற்சியாகவே முடிந்திருக்கும். அதனைத் தடுத்தவை இரண்டு. முதலாவது, உலகப் படங்களை இடையறாது பார்க்கக் கிடைத்த வாய்ப்பு. 1964இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் பி. கே. நாயரின் முயற்சியால் வளர்ந்து நிறுவனத்தின் நூலகம்போற் பயன்பட்டது. ஆக்ராவிற் பொருளியல் கற்பித்த சதீஸ் பகதூர் 1960களின் முற்பகுதியிற் பூனேக்கு வந்து, 'பதேர் பாஞ்சாலி' போன்ற படங்களைத் துண்டு துண்டாகப் பகுத்து வாசிக்கக் கற்பித்தார். இரண்டாவது, ரித்விக் கட்டக்கின் வருகை. இந்திய மக்கள் நாடக மன்றத்தின் போராட்டங்களில் உருவாகி, வங்கப் பிரிவினையின் துயரைப் படமாக்கிய அவர், 1960களின் நடுப்பகுதியில் குறுகிய காலம் துணை அதிபராய் இருந்தார். படத்தின் வடிவம் பற்றிய ஒவ்வொரு தீர்மானமும் சமூகம் பற்றிய தீர்மானமே என்பதனை அவரிடம் மாணவர் கற்றனர். மணி கவுல், குமார் சஹானி, ஜோன் ஆபிரகாம் ஆகிய மூவரும் தம்மை அவருடைய மாணவர் என்றே கருதினர். மூவரது படங்களும் ஒன்றையொன்று ஒத்திராமை அக்கற்பித்தலின் தரத்திற்குச் சான்றாகும்.

பள்ளிக்கு அப்பால்

பாடநெறிக் காலத்தில் உற்பத்திச் சாதனங்கள் மாணவரின் கைக்கு வருகின்றன. அதன் இறுதி நாளில் அவை மீளப்பெறப்படுகின்றன. இலக்கியப் பட்டதாரிக்குத் தாளும் பேனாவும் எஞ்சும். திரைப்படப் பட்டதாரிக்கு எஞ்சுவது யாது? பூனேயின் வரலாற்றில் மிக முக்கியமான பகுதி இவ்வினாவிலேயே தொடங்குகின்றது.

முதல் விடையை அரசே அளித்தது. திரைப்பட நிதிக் கூட்டுத்தாபனம் 1960களின் இறுதியிற் குறைந்த செலவுப் படங்களுக்குக் கடன் வழங்க முற்பட்டது. 1969ஆம் ஆண்டுக்குரிய 'புவன் ஷோம்', 'சாரா ஆகாஷ்', 'உஸ்கி ரோட்டி' என்னும் மூன்றும் அக்கடனில் உருவாகின. மூன்றுக்கும் ஒளிப்பதிவு செய்தவர் பூனேயிற் பயின்ற கே. கே. மகாஜனாவார். பாட்டீல் குழு கண்ட இரு பக்கங்களும் இங்கு ஒருகணம் ஒன்றிணைந்தன. ஆயின் இவ்விணைவு நீடிக்கவில்லை. வணிகப் பயன் தராத கலைப்படங்களுக்குக் கடன் வழங்கியமையை 1976இற் பாராளுமன்றக் குழுவொன்று கண்டித்தது. படங்களுக்குத் திரையரங்கு கிடைக்காமையே கடன் திரும்பாமைக்கு முதன்மைக் காரணம். விநியோகம் தனியார் கையில் இருக்க, உற்பத்திக்கு மட்டும் அரசு முதலிடுவதன் முரண்பாடு அதில் வெளிப்பட்டது.

இரண்டாவது விடை கூட்டுறவாகும். 1965இற் பயிற்சி முடித்த அடூர் கோபாலகிருஷ்ணன் நண்பருடன் சேர்ந்து திருவனந்தபுரத்திற் சித்திரலேகா திரைப்படக் கழகத்தையும் திரைப்படக் கூட்டுறவையும் அமைத்தார். பார்வையாளரை முதலில் உருவாக்கி, அதன்பின்னரே படத்தை உருவாக்கிய முயற்சி இது; 'சுயம்வரம்' 1972இல் வெளிவந்தது.

மூன்றாவது விடை மக்களிடமே செல்வதாகும். ஜோன் ஆபிரகாம் 1977இல் தமிழில் இயக்கிய 'அக்ரஹாரத்தில் கழுதை' சாதியாசாரத்தின் கொடுமையை அங்கதமாக்கியது. தேசிய விருது பெற்றும் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் அதற்குத் திறக்கவில்லை. இவ்வனுபவத்தின் பின்னர் அவரும் தோழரும் 1984இல் ஒடேசா என்னும் கூட்டினை அமைத்து, ஊரூராகப் படங்களைத் திரையிட்டு நிதி திரட்டி, 1986இல் 'அம்ம அறியான்' படத்தை உருவாக்கினர். தயாரிப்பாளர் என்ற தனியொருவர் இப்படத்திற்கு இருக்கவில்லை. 1987இல் ஜோன் மறைந்தமையால் இப்பரிசோதனை உரிய வளர்ச்சியைப் பெறாது போயிற்று.

எமது நாட்டவருள் இவ்வரலாற்றோடு நேரடித் தொடர்புடையவர் பாலு மகேந்திரா ஆவார். மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த அவர், 1960களின் பிற்பகுதியிற் பூனேயில் ஒளிப்பதிவு பயின்றார். கிடைக்கும் ஒளியைக் கொண்டே படமெடுக்கும் அவருடைய முறை தமிழ்த் திரையின் பார்வையை மாற்றியது. 1988இல் வெளிவந்த 'வீடு' படத்தில் நெறியாள்கை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றையும் அவரே மேற்கொண்டார். பிற்காலத்திற் சென்னையில் அவர் தொடங்கிய பயிற்சிக்கூடத்திற்குச் 'சினிமாப் பட்டறை' எனப் பெயரிட்டமை, தாம் கற்ற முறையை அவர் எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பதைக் காட்டும்.

இலங்கையிலே திரைப்படச் செயன்முறை பல்கலைக்கழகத்திற்கு வெளியிலேயே வளர்ந்தது. 1948இல் தோன்றிய அரசாங்கத் திரைப்படப் பிரிவே முதற் பள்ளியாய் அமைந்தது. அதிலிருந்து விலகிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், வில்லியம் பிளேக், டைட்டஸ் தொட்டவத்த ஆகிய மூவரின் கூட்டிலேயே 1956இல் 'ரேகாவ' உருவாயிற்று. பல்கலைக்கழக ஆசிரியராயும் விளங்கிய தர்மசேன பத்திராஜா 1977இல் 'பொன்மணி'யை யாழ்ப்பாணத்திற் படமாக்கினார். ஆய்வும் ஆக்கமும் ஒருவரிடத்தே கூடிய அந்நிகழ்வு எமது பாடத்திட்டங்களில் உரிய இடத்தைப் பெறவில்லை.

மதிப்பீட்டுப் பிரச்சினை

பூனே நிறுவனத்தின் பிற்கால வரலாறு செயன்முறைக் கல்வியின் மற்றொரு சிக்கலைப் புலப்படுத்துகின்றது. 2015இல், அரசு மேற்கொண்ட தலைவர் நியமனத்தை எதிர்த்து மாணவர் 139 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போராட்டத்தினிடையே, 2008ஆம் ஆண்டுப் பிரிவு மாணவரின் நிறைவுறாத படங்களை நிறைவுறாத நிலையிலேயே மதிப்பிட நிருவாகம் முற்பட்டது, மாணவர் எதிர்த்தனர், சிலர் கைது செய்யப்பட்டனர். மூன்றாண்டுப் பாடநெறி ஏழாண்டாய் நீண்டமை மாணவரின் சோம்பலா, வளப் பற்றாக்குறையா என்ற விவாதம் அன்று பத்திரிகைகளை நிறைத்தது. அதனடியில் இருந்த வினா வேறு: படம் முடிந்தது எனத் தீர்மானிப்பவர் யார்? எழுத்துத் தேர்வுக்கு மணி அடிக்கலாம். படத்திற்கு அது பொருந்துமா? அதேவேளை, பொதுப் பணத்தில் இயங்கும் நிறுவனம் எல்லையற்ற காலத்தை வழங்கவும் இயலாது. இவ்விரு நியாயங்களையும் ஏற்கும் மதிப்பீட்டு முறையைச் செயன்முறை உயர்கல்வி இன்னமும் கண்டடையவில்லை.

இன்று எண்மக் கமரா சுருளின் விலையை இல்லாமற் செய்துவிட்டது. கருவி எவருக்கும் எட்டும் நிலையில், பள்ளி எதற்கு என வினவுவாரும் உளர். சுருளின் அருமை கற்பித்த சிந்தனை ஒழுங்கையும், நான்கு துறையினர் ஒருங்கே உழைக்கும் பண்பையும், பிறர் படங்களைப் பகுத்தறியும் பயிற்சியையும் கமரா தானே தந்துவிடாது என்பதே எமது விடையாகும்.

பட்டப்பின் திரைப்படப் பாடநெறிகளை வகுக்க முனையும் எமது பல்கலைக்கழகங்கள் பூனேயிடமிருந்து கருவிப் பட்டியலை மட்டும் இரவல் பெறுமாயின், அது நுனிப்புல் மேய்ந்ததாகவே முடியும். மாணவர் உருவாக்கும் படத்தை ஆய்வாக ஏற்பதற்குரிய அளவுகோல்களும், பயிற்சி முடித்தோர் தொழிற்படுவதற்குரிய கூட்டுறவும், அவர்தம் படங்களை மக்களிடம் கொண்டுசெல்லும் திரையிடற் கழகங்களும் பாடத்திட்டத்தோடு ஒருங்கே திட்டமிடப்படுதல் வேண்டும். 1951இல் ஒரு விசாரணைக் குழு ஒரே அறிக்கையில் எழுதிய இரு விதந்துரைகளுள் ஒன்று தளர்ந்தபோது மற்றையதும் எவ்வாறு வலுவிழந்தது என்பதனை இவ்வரலாறு எமக்கு உணர்த்தி நிற்கின்றது.