ஒரு பாட்டி, மூன்று வம்சங்கள்

ஜொகூரில் சிம்பாங் ரெங்கம் இருக்கும் அதே குளுவாங் மாவட்டத்தில்தான் செம்புரோங் நாடாளுமன்றத் தொகுதியும் இருக்கிறது. அங்கே 2004 முதல் ஜெயித்து வருபவர் ஹிஷாமுடின். அப்பா ஹுசேன் ஓன் மலேசியாவின் மூன்றாவது பிரதமர். தாத்தா ஓன் ஜாபார் 1946-ல் அம்னோ கட்சியை ஆரம்பித்தவர். கடைப்பேச்சில் வம்சக்கதை இதற்கு மேல் ஏறாது. ஏறினால்தான் ருசி.

ஓனின் தாய் ருகையா ஹனும், காக்கசஸ் மலைநாட்டுச் சர்க்காசியப் பெண். 1864-ல் ரஷ்யா அந்த நாட்டைப் பிடித்து மக்களைத் துரத்த, பெருங்கூட்டம் ஒட்டோமான் பேரரசுக்குள் அகதியாய்ப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பேரரசிலிருந்துதான் ருகையா ஜொகூர் அரண்மனைக்கு வந்தார். துருக்கி சுல்தான் அனுப்பிய பரிசு என்றுகூடச் சொல்வார்கள். பெண்ணைப் பரிசு என்பதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம்!

முதலில் சுல்தான் அபு பக்காரின் தம்பி உங்கு அப்துல் மஜிட்டுக்கு மனைவியானார். மற்ற இரு மணங்களில் ஒன்று சையத் அப்துல்லா அல்-அத்தாஸுடன். இன்னொன்று ஜொகூரின் முதல் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) ஜாபார் முகமதுடன். ஜாபாருக்கும் ருகையாவுக்கும் மகனாக ஓன் 1895-ல் பிறந்தார். அப்பா பெயரைப் பிடித்தே போகும் வம்சாவளியில் இவை மூன்று தனித்தனிக் குடும்பங்கள். ருகையாவைப் பிடித்துப் போனால் ஒரே வீடு.

முதல் கிளையில் பேரன் உங்கு அசிஸ், பொருளாதார அறிஞர். ஹஜ் யாத்திரைக்குச் சேமிக்கும் தாபோங் ஹாஜிக்கு 1959-ல் திட்டம் போட்டுக் கொடுத்தவர். இரண்டாம் கிளையான அல்-அத்தாஸ் வழியில் பேரன்கள் சையத் ஹுசேன் அலதாஸும், தத்துவ அறிஞரான தம்பி நகிப் அல்-அத்தாஸும். மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நாற்காலியில் 1968 முதல் இருபது வருடம் உங்கு அசிஸ். 1988-ல் அவர் எழுந்ததும் அதில் உட்கார்ந்தவர் ஹுசேன் அலதாஸ். இருவருக்கும் ஒரே அப்பாயி.

தோட்டத்துப் பிள்ளைகள் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவர் இந்த அலதாஸ். மலாய்க்காரன் சோம்பேறி என்று வெள்ளைக்காரன் பரப்பிய கதையை 1977-ல் ஒரு புத்தகமே எழுதி உடைத்தார். அவன் தோட்டக் கூலிக்கு வர மறுத்தான், அதனால் சோம்பேறி ஆக்கப்பட்டான் என்பது அவர் வாதம். அவன் மறுத்த வேலைக்குத்தான் நம் தாத்தா பாட்டிகளைக் கங்காணி கப்பலேற்றினான்.