"யார் பாவம்?" என்ற கேள்வியும் வேலூர் டாக்டரும்

ஆபீஸ்ல ஒரு பக் வந்தா, என்ன ஆச்சுன்னு யாரும் முதல்ல கேக்குறதில்ல. "யார் எழுதின கோட் இது?" அதான் முதல் கேள்வி. நானும் கேட்டிருக்கேன்.

யோவான் நற்செய்தியில இதே மாதிரி ஒரு இடம் வரும். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருத்தரைப் பார்த்து, இது இவர் செஞ்ச பாவமா, பெத்தவங்க செஞ்ச பாவமான்னு சீடர்கள் கேக்குறாங்க. ரெண்டும் இல்லன்னு சொல்லிட்டு, இயேசு அவருக்குப் பார்வை கொடுக்குற வேலையைப் பார்க்கப் போயிடுறார். டாக்டர் பால் பிராண்ட் பத்திப் படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது அந்த இடம்தான்.

பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் மிஷனரிகள். லண்டனில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அப்போ தொழுநோய்னா ஊர் தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாச்சு: முன்ஜென்மப் பாவம், தொட்டா ஒட்டிக்கும். பிச்சை எடுக்கும் தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க 1898-லேயே சட்டம் இருந்தது. ஆஸ்பத்திரிகளே சேர்த்துக்கத் தயங்கின.

செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மடங்கிப்போன ஒரு கையைப் பிடித்து, "அழுத்துங்க" என்றார் பிராண்ட். பிடி இரும்பு மாதிரி இருந்தது. அப்போ கை சாகலை, சில தசைகள் மட்டும்தான் செயலிழந்திருக்கு! நல்ல தசையோட தசைநாணை மாத்திப் பொருத்தினார். விரல்கள் நிமிர்ந்தன.

அடுத்த கேள்வி: விரல்கள் ஏன் குறையுது? அழுகி விழுதுன்னுதான் எல்லாரும் நம்பினாங்க. அவரோட டீம் ஒவ்வொரு காயத்தையும் துரத்திப் பார்த்தது. நோய் நரம்பைத் தாக்குது, அதனால வலி தெரியலை. சூடான பாத்திரத்தைப் பிடிச்சாலும் தெரியாது. ராத்திரி தூக்கத்துல எலி கடிச்சாலும் தெரியாது. எலிக்கு என்ன தீர்வு? நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தாங்க. அவ்வளவுதான்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். கை சரியாகிப் போன சிலர் திரும்பி வந்தாங்க. நிமிர்ந்த கைக்குப் பிச்சை விழலை, வேலையும் யாரும் தரலை. "நன்றி கெட்டவங்க"ன்னு சொல்லிட்டு நகர்ந்திருக்கலாம். அவரோ தன் வேலைதான் பாதியில நிக்குதுன்னு எடுத்துக்கிட்டார். நவஜீவ நிலையம் உருவாச்சு. அங்க தச்சு வேலை கத்துக்கிட்டு, சொந்தமா சம்பாதிக்க ஆரம்பிச்சாங்க.

தொழுநோயை விவாகரத்துக்கான காரணமா வெச்சிருந்த சட்டங்கள் நம்ம நாட்டுல மாறினது 2019-லதான். தீர்ப்பு சொல்ற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போறதில்ல.

ஒரு தடவை சிகிச்சையை விளக்கும்போது, பிராண்ட் ஒரு நோயாளியோட தோள்ல சாதாரணமா கை வெச்சார். அந்த மனுஷன் அழுதுட்டார். பல வருஷமா அவரை யாருமே தொட்டதில்லையாம்.

அடுத்த வாரம் பார்ப்போம்.