ஒரு நாள் பொன்மழை: அங்சானா மரத்தின் வரலாறு

சில நாள் வெயில் கொளுத்திய பிறகு ஒரு நல்ல மழை பெய்கிறது. அடுத்து வரும் ஒரு காலையில், கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ நீங்கள் சாலையில் நடந்து போகும்போது, நேற்றுவரை பச்சையாக நின்ற மரங்கள் திடீரென்று பொன்னாக மாறியிருப்பதைக் காணலாம். காற்றெல்லாம் இனிய மணம். மறுநாள் போய்ப் பார்த்தால், மரத்தில் பூ இல்லை. சாலை முழுவதும் மஞ்சள் கம்பளம் விரித்தாற்போல் கிடக்கும். இந்த ஒரு நாள் திருவிழாவை நடத்துவது அங்சானா மரம். இன்று அதன் வரலாற்றையும், அதை வளர்க்கும் முறையையும் பார்ப்போம்.

நம் சாலையோரங்களில் நிழல் தரும் மழைமரமும், தீப்போல் பூக்கும் செம்மயிற்கொன்றையும் கடல் கடந்து வந்தவை. அங்சானாவோ இந்த வட்டாரத்துக்கே உரிய மரம். மலாய் மக்கள் இதைச் சேனா என்றும் அழைப்பர். கெடா மாநிலத்தின் போக்கோக் சேனா என்ற ஊரின் பெயரிலேயே இம்மரம் இருக்கிறது. பிலிப்பீன்சில் இதற்கு நார்ரா என்று பெயர்; 1934ஆம் ஆண்டு முதல் அதுவே அந்நாட்டின் தேசிய மரம்.

தமிழருக்கும் இம்மரம் அந்நியமன்று. நம் சங்கப் புலவர்கள் குறிஞ்சி நிலத்தில் பாடிய வேங்கை மரத்துக்கு இது நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் பொன்னிறப் பூ; இரண்டின் பட்டையைக் கீறினாலும் இரத்தம் போன்ற சிவந்த பிசின் வடியும். அதனால்தான் வேங்கைக்கு உதிரவேங்கை என்றும் ஒரு பெயர் உண்டு.

இனி நகரங்களின் கதைக்கு வருவோம். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுக நகரங்களில் பழங்காலத்திலேயே அங்சானாவைச் சாலை மரமாக நட்டார்கள். காரணம் எளிது. கைத்தடிமனுள்ள கிளையை வெட்டி ஈர மண்ணில் ஊன்றினாலே அது வேர்விடும். விதை போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. கோலாலம்பூரில் 1888ஆம் ஆண்டு ஆல்பிரட் வென்னிங் என்ற அதிகாரியின் முயற்சியால் ஏரிப் பூங்கா உருவாகத் தொடங்கியது. அந்தப் பூங்காவின் வரலாற்றில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. அக்காலத்தில் பொதுப்பணித் துறையிலும் இரயில்வேயிலும் சாலை போட்டு, வடிகால் வெட்டிய கூலிகளுள் தமிழர் மிகப் பலர். அவர்கள் பெயரை எந்தப் பலகையும் சொல்லவில்லை.

எளிதாக வளர்ந்த அந்த மரத்துக்கு ஒரு பெருந்துன்பம் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்காவில் அங்சானா மரங்கள் வாடிச் சாகத் தொடங்கின. பிறகு பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அதே கேடு. புகழ்பெற்ற சாலை வரிசைகள் மொட்டையாயின. 1935ஆம் ஆண்டு பர்ட்டாடோ என்ற தாவரவியலார் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார். ஆயினும் மூலகாரணம் அன்று பிடிபடவில்லை.

20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சிங்கப்பூரில் நோய் மீண்டும் தலைகாட்டியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஃபுசேரியம் என்னும் பூஞ்சை மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிறது. இலைகள் வாடிப் பழுத்து உதிர்கின்றன. மரத்தைத் துளைக்கும் சிறுவண்டு அப்பூஞ்சையைச் சுமந்து செல்கிறது. இடி விழுந்து நலிந்த மரத்தையே வண்டு முதலில் நாடுகிறது. அங்கிருந்து பக்கத்து மரங்களுக்கு நோய் பரவுகிறது. நோயைத் தாங்கி நின்ற மரங்களைத் தேர்ந்து, அவற்றின் கிளைகளையே பிறகு நட்டார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஒரே மரத்தின் கிளைகளை ஊர் முழுவதும் ஊன்றினால், அவை யாவும் ஒரே உடம்பு போன்றவை. ஒன்றை வீழ்த்தும் நோய் மற்றவற்றையும் எளிதில் வீழ்த்தும். எளிய வழியே எப்போதும் நல்ல வழி ஆகிவிடாது.

உங்கள் தோட்டத்தில் அங்சானா வளர்க்க விரும்பினால் சிலவற்றை நினைவில் வையுங்கள். இது மிக உயர்ந்து பரந்து வளரும் மரம். வரிசை வீட்டின் சிறு முற்றத்துக்கு ஏற்றதன்று. வேர் வடிகாலையும் நடைபாதையையும் பெயர்த்துவிடும். கோயில், பள்ளி, பொதுத்திடல் போன்ற விரிந்த இடமே தக்கது. நல்ல வெயிலும், நீர் தேங்காத மண்ணும் வேண்டும். நலமான மரத்திலிருந்தே கிளை எடுங்கள். இரண்டு மூன்று தாய் மரங்களிலிருந்து எடுப்பது இன்னும் நல்லது. இளமையிலேயே கிளைகளை அளவாகக் கழித்துவிடுங்கள்; இல்லையேல் புயற்காற்றில் பெருங்கிளைகள் ஒடிந்து விழும். இடி விழுந்த மரத்தையும், திடீரென்று வாடும் மரத்தையும் கண்டால் நகராட்சிக்கு உடனே அறிவியுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலுக்குச் செல்வோர் வள்ளி திருமணக் கதையை அறிவர். தினைப்புனத்தில் வள்ளியோடு இருந்த முருகன், நம்பிராசன் வருவதைக் கண்டு வேங்கை மரமாகி நின்றான். நேற்று இல்லாத மரம் இன்று எப்படி வந்தது என்று ஐயுற்ற வேடர்கள் அதை வெட்ட முனைந்தார்கள். நம்பிராசனோ, நிழல் தரும் மரம் நிற்கட்டும் என்று தடுத்துவிட்டான். இலை குப்பை, பூ குப்பை என்று சொல்லி மரத்தின்மேல் கோடரியை ஓங்கும் முன்பு, அந்த வேடர் தலைவனை நாமும் ஒருகணம் நினைத்துக்கொள்வோம்.