பாடசாலை விவசாயக் கல்வி (பிலிமத்தலாவைச் சுற்றாடல்)

கொழும்பு–கண்டி வீதியில், கடுகண்ணாவைக்கும் பேராதனைக்கும் இடையே பிலிமத்தலாவை உள்ளது. இலங்கைப் பாடசாலை விவசாயக் கல்வி வரலாற்றின் முக்கிய அத்தியாயம் ஒன்று இதற்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸ கிராமத்தில் தொடங்கியது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1930களில் உருவான கிராமியக் கல்வித் திட்டம் 'ஹந்தெஸ்ஸ திட்டம்' என்றே பெயர் பெற்றது. பயிர்ச்செய்கை, கைப்பணி, சுகாதாரம் ஆகியவற்றை அது கிராம வாழ்வோடு இணைத்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் ஆங்கிலம் கற்று அரச வேலைக்குப் போக வேண்டிய பிள்ளையிடம் மண்வெட்டியைக் கொடுப்பதா என்ற பெற்றோரின் சந்தேகத்தை அதனால் வெல்ல முடியவில்லை.

1972 சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்து அதே முயற்சியை வேறு பெயரில் தொடர்ந்தது, அதுவும் நீடிக்கவில்லை. பின்னர் 6–9ஆம் தரங்களில் செயன்முறைத் தொழினுட்பத் திறன்களும், 10–11ஆம் தரங்களில் விருப்பப் பாடமாக விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் இடம்பெற்றன.

இப்பாடத்தின் உயிர் தோட்டத்தில்தான். நாற்றுமேடையைத் தொற்றுநீக்க, அதன்மேல் வைக்கோலையும் உமியையும் மாறிமாறிப் பரப்பி, காற்றுக்கு எதிர்த்திசையில் தீ மெல்ல நகரும்படி மூட்டுவார்கள். வெப்பம் மண்ணுள் இறங்கிக் களைவிதைகளையும் நோய்க்கிருமிகளையும் அழிக்கும். காற்றின் போக்கிலேயே மூட்டினால் வைக்கோல் சட்டென்று எரிந்துவிடும், மண் சூடேறாது.

களப்பயணத்துக்கு இப்பகுதி ஆசிரியர்கள் தூரம் போக வேண்டியதில்லை. விவசாயத் திணைக்களத் தலைமையகம், பல்கலைக்கழக விவசாய பீடம், 1821இல் நிறுவப்பட்ட தாவரவியல் பூங்கா மூன்றும் பேராதனையிலேயே உள்ளன.