கண்டி மலையும் நம் உப்பளக் கரையும்

மரக்காணக் கரையில் பிறந்தவர்க்கு மலை என்பது படத்தில் காணும் பொருள். ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் கழுவெளி, இடையே கண்ணுக்கெட்டும் வரை உப்புப் பாத்திகள். இப்பாத்திகளில் உவர்நீர் பாய்ச்சி, வரப்பு மிதித்து, கோடை வெயிலில் உப்பு வாரிய குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இன்று கல்வி கற்றுப் பணியில் அமர்ந்துள்ளனர். விடுமுறை நாள்களில் நெடுந்தொலைவு சென்று வரும் வசதியும் பெற்றுள்ளனர். நேபாளத்திற்கும் இலங்கையின் கண்டிக்கும் பண்பாட்டுச் சுற்றுலா செல்லும் குழுக்களில் நம்மவரும் இடம்பெறுவது மகிழத்தக்கதே.

ஆயின், மலைசூழ்ந்த பௌத்த நாடுகளை நோக்கி நம் மக்களின் தலைவர்கள் சென்ற பயணங்களுக்குத் தனியொரு வரலாறு உண்டு. பயண நிறுவனங்கள் அச்சிட்டுத் தரும் வழிகாட்டி நூல்களில் அவ்வரலாறு இடம்பெறுவதில்லை. அவர்கள் ஏன் சென்றனர், எதைக் கண்டனர், திரும்பி வந்து எதைச் செய்தனர் என்பதை நம் இளைஞர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைக்கு வேண்டிய உப்பு

முதற்கண் உப்பிலிருந்தே தொடங்குவோம். சங்க காலத்தில் உமணர் எனப்பட்ட வணிகர், நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்கும் மலைநாட்டிற்கும் கொண்டு சென்றனர். சிறுபாணாற்றுப்படையில் குறிக்கப்படும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் நம் மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. அப்பண்டத்தைத் தன் மண்ணில் விளைவிக்க இயலாத மலைநாடு, எந்நாளும் கடற்கரையின் தயவை நாடியே வாழ வேண்டியிருந்தது.

இலங்கையின் கண்டி அரசு இதற்குச் சிறந்த சான்றாகும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், மலைகளையும் காடுகளையுமே அரணாகக் கொண்ட அவ்வரசைப் போர்த்துகீசியராலும் ஒல்லாந்தராலும் நிலையாக வென்றடக்க இயலவில்லை. படையால் முடியாததை ஒல்லாந்தர் கரையோரத்தை அடைத்துச் சாதிக்க முற்பட்டனர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தீவின் கரையோரம் முழுவதும் அவர்கள் வசமாயிற்று. கரையோர உப்பு விளையும் இடங்களிலிருந்து உப்பு எடுத்துக்கொள்ளக் கண்டி மக்களுக்கு அவ்வுடன்படிக்கையில் இசைவு அளிக்கப்பட்டது. தன் மக்களின் உணவுக்கு வேண்டிய உப்பை அயலாரின் இசைவு பெற்றே அள்ள வேண்டிய நிலை ஓர் அரசுக்கே ஏற்பட்டது! உப்பு வாருவோரை இழிவாக நோக்கும் உலகம், அவ்வுப்பின்றி ஓர் அரசும் நிலைபெறாது என்பதை எளிதில் மறந்துவிடுகிறது.

1898ஆம் ஆண்டுப் பயணம்

பண்டை நாளில் தமிழகக் கடற்கரைக்கும் இலங்கைப் பௌத்தத்திற்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்திலும் காஞ்சியிலும் பௌத்தம் தழைத்தது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் காஞ்சியில் தங்கியிருந்தார் என்றும், பின்னர் அநுராதபுரத்து மகாவிகாரையில் விசுத்திமக்கம் இயற்றினார் என்றும் பௌத்த மரபு கூறும். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் இராசராசன் காலத்தில், நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. பின்னாளில் இத்தொடர்பு அறுந்தது. அறுந்த இழையை மீண்டும் முடிந்தவர் பண்டிதர் க. அயோத்திதாசர் ஆவார்.

1845ஆம் ஆண்டு பிறந்த அயோத்திதாசர் நீலகிரி மலையில் வளர்ந்தவர், சித்த மருத்துவர், தமிழ், பாலி முதலிய மொழிகளில் பயிற்சி உடையவர். ஒடுக்கப்பட்ட மக்கள் ஆதியில் பௌத்தராய் இருந்தவர், அம்மதம் வீழ்ந்தபோதே தாழ்த்தப்பட்டனர் என்பது அவர் கொள்கை. கர்னல் ஆல்காட் 1894ஆம் ஆண்டு முதல் சென்னையில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகளை நடத்தி வந்தார். அவர் துணையுடன் 1898ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அயோத்திதாசரும், ஆசிரியர் பி. கிருஷ்ணசாமியாரும் கொழும்பு சென்றனர். மாளிகாகந்தையில் இருந்த வித்தியோதய பிரிவேனாவின் தலைவர் ஹிக்கடுவே சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றனர்.

அந்நாளைய தமிழகத்தின் நிலையை நினைந்து பார்க்க வேண்டும். பொதுத் தெருவில் நடக்கவும், பொதுக் கிணற்றில் நீர் மொள்ளவும், கோயில் வாயிலை மிதிக்கவும் உரிமையற்றிருந்த மக்களின் சார்பாளர் இருவர், கடல் கடந்து சென்று ஒரு பெருங்கல்விக் கூடத்தில் விருந்தினராய் வரவேற்கப்பட்டனர். அதன் தலைவர் வாயால் சீலம் ஓதப் பெற்றனர். இதனை இன்பச் சுற்றுலா என்று எவரும் கூறார். மனிதராய் மதிக்கப்படும் ஓரிடம் உலகில் உண்டா என்று நேரில் சென்று தேடிய பயணம் அது.

அப்பயணத்தின் பயன் அவர்கள் ஊர் திரும்பிய பின்னரே வெளிப்பட்டது. அவ்வாண்டிலேயே சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவப்பட்டது. கோலார் தங்கவயல், பெங்களூர், இரங்கூன் முதலிய இடங்களில் அதன் கிளைகள் தோன்றின. சுரங்கத்தில் பாறை உடைத்த தொழிலாளர் மாலையில் கூடிப் படித்தனர், விவாதித்தனர். 1907ஆம் ஆண்டு 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழை அயோத்திதாசர் தொடங்கினார். ஓராண்டிற்குப் பின் 'தமிழன்' எனப் பெயர் பெற்ற அவ்விதழை, 1914ஆம் ஆண்டு மறையும் வரை அவர் நடத்தினார். ஒரு பயணம் ஒரு சங்கமாகவும், ஒரு சங்கம் ஓர் இதழாகவும் விரிந்தது.

கண்டியில் அம்பேத்கர்

அரை நூற்றாண்டு கடந்தது. 1950ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், கண்டி தலதா மாளிகையில் 27 நாடுகளின் பௌத்தர் கூடி உலக பௌத்தர் பேரவையைத் தோற்றுவித்தனர். அறிஞர் ஜி. பி. மலலசேகர அதன் முதல் தலைவரானார். இந்திய அரசின் சட்ட அமைச்சராய் இருந்த டாக்டர் அம்பேத்கர் தம் துணைவியாருடன் அங்குச் சென்றார்.

அவர் பேராளராக அமர்ந்து தீர்மானங்களில் பங்கு கொள்ள முன்வரவில்லை. பௌத்தச் சடங்குகளை நேரில் காணவும், அச்சமயம் அந்நாட்டு மக்களின் வாழ்வில் எவ்வளவு உயிர்ப்புடன் இருக்கிறது என்று அறியவுமே தாம் வந்ததாகத் தெரிவித்தார். அவர் இந்துவாகச் சாவதில்லை என 1935இல் இயோலாவில் அறிவித்தது யாவரும் அறிந்ததே. அறிவித்துப் பதினைந்து ஆண்டுகள் கடந்தும் அவர் விரைந்து முடிவெடுக்கவில்லை. நூல்களில் கற்றதை நாட்டில் சென்று சரிபார்த்தார். இலட்சக்கணக்கான மக்களை ஒரு வழியில் அழைத்துச் செல்ல விரும்பும் தலைவர், அவ்வழியில் தாம் முன்னே நடந்து பார்ப்பது கடமை எனக் கருதினார் போலும். கொழும்பில் அவர் ஆற்றிய உரைகளில், இந்தியாவில் பௌத்தம் எழுந்ததையும் வீழ்ந்ததையும் ஆராய்ந்தார். இலங்கையில் வாழ்ந்த தாழ்த்தப்பட்ட மக்களைப் பௌத்தம் தழுவுமாறும், அவர்களைப் பரிவோடு ஏற்குமாறு அந்நாட்டுப் பௌத்தரையும் வேண்டினார்.

மலையேறிய சாதி

இவ்வேண்டுகோளுக்குக் காரணம் இருந்தது. பௌத்த நாடாயினும் இலங்கை சாதி அற்ற நாடாய் இருக்கவில்லை. அங்குத் துறவியர் மரபு நலிந்திருந்தபோது, மதுரை நாயக்கர் வழிவந்த கண்டி மன்னர் கீர்த்தி சிறீ இராசசிங்கர், சியாம் நாட்டுத் துறவியரை வரவழைத்து 1753ஆம் ஆண்டு அதனைப் புதுப்பித்தார். அவ்வாறு தோன்றிய சியாம் நிகாயம் விரைவிலேயே கொவிகம சாதியினர்க்கு மட்டும் உரியதாயிற்று. துறவு மறுக்கப்பட்ட பிற சாதியினர் பர்மா சென்று தீட்சை பெற்றுத் திரும்பி, 1803ஆம் ஆண்டு அமரபுர நிகாயத்தை நிறுவினர். துறவு வேண்டியும் கடல் கடக்க வேண்டியிருந்தவர் அந்நாட்டிலேயே இருந்தனர் என்பது இதனால் விளங்கும். ரொடி எனப்பட்ட மக்கள் கண்டி நாட்டில் ஊருக்குப் புறம்பே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர்.

இன்னொரு வரலாறு நம் நெஞ்சுக்கு இன்னும் நெருக்கமானது. 1815ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றினர். அதன் கடைசி மன்னர் சிறீ விக்கிரம இராசசிங்கர் சிறைப்பட்டு வேலூருக்குக் கொண்டு வரப்பட்டு, 1832ஆம் ஆண்டு அங்கேயே காலமானார். மன்னர் மலையிலிருந்து தமிழகத்திற்கு இறக்கப்பட்டார். தமிழகத்து ஏழைகள் அம்மலைக்கு ஏற்றப்பட்டனர். முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பிச் செடிகள் நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் திரட்டினர். தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். அவர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினரே. மலையேறினால் சாதி இறங்கிவிடும் என்று எண்ணினால், லயன் அறைகளின் வரிசையிலும் அது கூடவே வந்து குடியேறிற்று.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சியோரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிட்டது. இலங்கையில் குடியுரிமையின்றித் தங்கிவிட்டோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. 2023ஆம் ஆண்டு, தம் முன்னோர் வந்த இருநூறாம் ஆண்டை நினைந்து, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் நடந்தனர். அதுவும் ஒரு பண்பாட்டுப் பயணமே.

இமயத்தின் மடியில்

அம்பேத்கர் கண்டதில் குறையும் நிறையும் இருந்தன. குறை கண்டதனால் அவர் தேடலைக் கைவிடவில்லை. 1954ஆம் ஆண்டு இரங்கூனில் நடந்த உலக பௌத்தர் மாநாட்டிற்குச் சென்றார்; அங்கிருந்து கொணர்ந்த புத்தர் சிலையை, அவ்வாண்டு திசம்பர் 25ஆம் நாள் புனேக்கு அருகில் தேகு ரோட்டில் நிறுவினார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் பௌத்தம் தழுவினார். அடுத்த மாதமே, உடல்நலம் மிகக் குன்றியிருந்த நிலையிலும், காத்மாண்டு நகரில் கூடிய நான்காம் மாநாட்டிற்குச் சென்று புத்தரையும் கார்ல் மார்க்சையும் ஒப்பிட்டு உரையாற்றினார்.

புத்தர் பிறந்த லும்பினியைத் தன்னகத்தே கொண்ட அந்த நேபாளத்தில், 1854ஆம் ஆண்டின் முலுகி ஐன் என்னும் சட்டம் சாதி வேற்றுமைக்கும் தீண்டாமைக்கும் அரசின் முத்திரையை வழங்கியிருந்தது. அம்பேத்கர் அங்குச் சென்றபோதும் அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. 1963ஆம் ஆண்டிலேயே அது மாற்றப்பட்டது. புத்தர் பிறந்த மண் என்பதனால் மட்டும் ஒரு மண் சமத்துவம் அடைவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? காத்மாண்டிலிருந்து திரும்பிய சில நாள்களில், திசம்பர் 6ஆம் நாள் அம்பேத்கர் மறைந்தார்.

பயணத்தின் பயன்

அயோத்திதாசரும் அம்பேத்கரும் சமத்துவம் குடிகொண்ட ஆயத்த நாடு ஒன்றை எம்மலையிலும் காணவில்லை. ஆயினும் அவர்கள் வெறுங்கையுடன் திரும்பவில்லை. ஒருவர் சங்கமும் இதழும் கண்டார். மற்றவர் தாம் 1945இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்தின் கல்லூரிகளுக்குப் பௌத்த வரலாற்றுப் பெயர்களைச் சூட்டினார்: 1946இல் பம்பாயில் சித்தார்த்தர் கல்லூரி, பின்னர் ஔரங்காபாத்தில் மிலிந்தர் கல்லூரி. மிலிந்தர், நாகசேனத் துறவியிடம் வினா மேல் வினா தொடுத்த மன்னர். கேள்வி கேட்டவன் பெயரை ஒரு கல்லூரிக்குச் சூட்டிய நுட்பம் எண்ணி மகிழத்தக்கது. வெளியே தேடிய சமத்துவத்தை உள்ளூரில் கல்வியாலேயே கட்ட வேண்டும் என்பது அவ்விருவர் வாழ்வும் காட்டும் முடிவாகும்.

ஆகவே, கண்டிக்குச் செல்லும் நம் இளைஞர் தலதா மாளிகையின் அழகையும் எசல பெரகராவின் யானை வரிசையையும் கண்டு களிக்கட்டும், அதில் குற்றமில்லை. அத்துடன் நில்லாது, மாத்தளைச் சாலையில் சற்றே இறங்கி, தேயிலைச் சரிவுகளின் நடுவே உள்ள லயன் அறைகளையும் காண வேண்டும். அங்குக் கூடை சுமக்கும் பெண்ணின் காய்த்த விரல்கள், உவர்நீரில் வெடித்த நம் தாயாரின் பாதங்களை நினைவூட்டும். கொழும்பு சென்றால் வித்தியோதய பிரிவேனாவின் வாயிலில் ஒரு நாழிகை நின்று, 1898ஆம் ஆண்டு அவ்வாயிலைக் கடந்த இருவரை நினைக்க வேண்டும்.

திரும்பி வந்தபின் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் பாத்திகள் நீரில் மூழ்கி, உப்பள வேலை நின்றுபோகும் திங்கள்களில் நம் குடியிருப்புகளில் பொழுது நீளும். அந்நாள்களில் மாணவரையும் தாய்மாரையும் கூட்டி, கண்டதையும் அதன் வரலாற்றையும் எடுத்துச் சொல்லுங்கள். அயோத்திதாசர் நூல்களையும் அம்பேத்கர் நூல்களையும் வாங்கி, நம் ஊர்ப் படிப்பகத்தில் வையுங்கள். இதுவரை வெளியூர் காணாத உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகளை அடுத்த பயணத்தில் உடனழைத்துச் செல்லுங்கள்.