தங்கம் முந்தியது ஏன்? அலுமினியம் பிந்தியது ஏன்?

பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு... கடைசியில் செம்பு, வெள்ளி, தங்கம். நாம் எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்த வினைதிறன் வரிசை இது. மேலே இருப்பவை மற்ற தனிமங்களோடு வேகமாகச் சேர்பவை, கீழே இருப்பவை எளிதில் சேராதவை. பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவோம். ஆனால் இதைக் கீழிருந்து மேலாகப் படித்துப் பாருங்கள். மனிதன் உலோகங்களைக் கைப்பற்றிய வரலாறு ஏறக்குறைய அப்படியே இருக்கும்!

பூமியின் மேலோட்டில் சுமார் 8 சதவீதம் அலுமினியம். தங்கமோ நூறு கோடியில் சில பங்குகள்தான். அப்படியென்றால் முதலில் கிடைத்திருக்க வேண்டியது அலுமினியம் அல்லவா? நடந்தது நேர்மாறு. பல்கேரியாவின் வார்னாவில் 1972-இல் கிடைத்த தங்க நகைகள் 6,000 ஆண்டுகளுக்கும் பழமையானவை. அலுமினியமோ 1825-இல்தான் தனியே பிரிக்கப்பட்டது.

காரணம் எளிது. தங்கம் ஆக்சிஜனோடு சேர்வதில்லை. அதனால் ஆற்று மணலிலேயே உலோகமாகக் கிடந்தது, பொறுக்கி எடுத்தால் போதும். செம்பின் தாதுவைக் கரி நெருப்பில் இட்டால், கரி ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு செம்பை விட்டுவிடும். இரும்பு ஆக்சிஜனை இன்னும் இறுக்கமாகப் பிடித்திருப்பதால் அதிக வெப்பமும் நல்ல துருத்தியும் தேவைப்பட்டன. அந்த வித்தை பரவும் முன் இரும்பு வானிலிருந்துதான் வந்தது! எகிப்து மன்னர் துட்டன்காமுனின் குத்துவாள் விண்கல் இரும்பால் ஆனது என்று 2016-இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது.

துத்தநாகம் வரை கரியின் ஆட்சி. அதற்கு மேலே இருப்பவை சாதாரண உலைக்கு மசியவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதன் அங்கேயே நின்றான்.

1800-இல் வோல்டா மின்கலத்தைக் கண்டுபிடித்தார். 1807-இல் லண்டனில் ஹம்ப்ரி டேவி உருகிய பொட்டாஷில் மின்சாரத்தைச் செலுத்தி, பொட்டாசியத்தைப் பிரித்தார். சில நாட்களில் சோடியமும் வந்தது. கரியால் முடியாததை மின்சாரம் முடித்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். பொட்டாசியத்தை விட வினைதிறன் குறைந்த அலுமினியம் ஏன் அதற்கும் பின்னால் வந்தது? அலுமினியம் ஆக்சைடு உருக 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். டேவியால் அது முடியவில்லை. 1825-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், அடுத்து 1827-இல் ஜெர்மனியின் வோலர், இருவரும் வேறு வழி கண்டார்கள். அலுமினியம் குளோரைடிலிருந்து குளோரினைப் பறிக்கும் வேலையைப் பொட்டாசியத்திடமே கொடுத்தார்கள். வலியது எளியதை வெளியேற்றியது. வரிசையின் விதியே கருவியானது!

ஆனால் செலவு அதிகம். 1884-இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் வைக்கப்பட்டபோதும் அலுமினியம் அரிதாகவே இருந்தது. 1886-இல் அமெரிக்காவின் ஹாலும் பிரான்சின் ஹெரூவும், ஒருவரை ஒருவர் அறியாமலேயே, உருகிய கிரையோலைட்டில் ஆக்சைடைக் கரைத்து மின்னாற்பகுத்தார்கள். விலை சரிந்தது. மகுடத்தில் இருந்தது சமையலறைக்கு வந்தது.

இன்றும் அந்த முறைதான். ஒரு கிலோ அலுமினியம் பிரிக்கச் சுமார் 14 யூனிட் மின்சாரம் செலவாகிறது. பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்தினால் அதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றலே போதும். ஆக்சிஜனிடமிருந்து ஒருமுறை போராடி மீட்ட உலோகத்தைக் குப்பையில் போடுவது நியாயமா? அடுத்த முறை தூக்கி எறியும் முன் யோசியுங்கள்.