பாறையும் பேகம்பூரும்

நகரங்களைப் பற்றி நமக்கு வாய்த்திருக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. அமைவிடம், மலை, ஆறு, கோட்டை, ஆண்டவர்களின் வரிசை. கடைசியில், போனால் போகிறதென்று, தொழில் பற்றி இரண்டு வரி. ஏதென்ஸ் என்றால் அக்ரொபொலிஸ். திண்டுக்கல் என்றால் திண்டு போலக் கிடக்கும் பாறை. நான் அந்தப் பாறையைக் கீழே பேகம்பூரிலிருந்து பார்க்கிறவன். எனக்கு இந்த வரிசை தலைகீழாகப் படுகிறது.

பாறையின் கதை படைகளின் கதை. திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிற பாதையும், பழனி வழியாகக் கொங்கு நாட்டுக்குப் போகிற பாதையும் அதன் காலடியில் சந்திக்கின்றன. நாயக்கர் காலத்துக் கோட்டையை எல்லோரும் விரும்பியது இதனால்தான். 1755இல் மைசூர் அரசு ஹைதர் அலியை இங்கே பௌஜ்தாராக அனுப்பிற்று. பிரெஞ்சுக்காரர்களை வைத்து அவர் ஆயுதசாலை ஒன்றை ஏற்படுத்தினார். 1769இல் சென்னையின் வாசல்வரை வந்து கும்பினியை உடன்படிக்கைக்கு இழுத்த அதிகாரத்தின் முதல் படி இந்த ஊர். பிறகு ஊர் கைமாறத் தொடங்கிற்று. 1783இல் கும்பினி பிடித்தது. 1784இல் மங்களூர் உடன்படிக்கை திருப்பிக் கொடுத்தது. 1790இல் மறுபடி பிடித்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நிரந்தரமாக எழுதி வாங்கிக்கொண்டது. கையெழுத்துகள் விழுந்தது எல்லாம் வெளியூர்களில்.

பாறைக்குக் கீழே பெரிய பள்ளிவாசலில் ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கஸ்தலம் இருக்கிறது. பேகம்பூர் என்ற பெயர் அவளால் வந்தது. புத்தகங்கள் அவளுக்குத் தருவது 'ஹைதரின் தங்கை' என்கிற ஓர் அடைமொழி மட்டுமே. ஆனால் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறவன் வாயில் வருவது அவள் பெயர்தான்.

அவள் பெயர் தாங்கிய இந்தப் பக்கத்தை வளர்த்தது கோட்டையல்ல, ஆவாரஞ்செடி. மழை குறைந்த இச்சமவெளியில் தானாக முளைப்பது அது. மானாவாரிக் காடுகளில் ஆடுமாடுகள். இரண்டும் சேர்ந்தபோது தோல் ஷாப்புகள் வந்தன. சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்தினார்கள். குழியில் இறங்கியவர்களை டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார். 2012இல் அதற்கு சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. ஷாப்புகளின் கழிவு சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்ததும் இவ்வூரின் புவியியல்தான். எந்தப் பட்டியலிலும் அது 'நீர்வளம்' என்ற தலைப்பின்கீழ் வருவதில்லை.

ஏதென்ஸில் 19ஆம் நூற்றாண்டில் அக்ரொபொலிஸைச் 'சுத்தம்' செய்தார்கள். பார்த்தெனானுக்குள் துருக்கியர் கட்டிய சிறு மசூதி போயிற்று. 1875இல் இடைக்காலத்துக் கோபுரம் ஒன்றும் போயிற்று. உலகம் இன்று பார்ப்பது அந்நகரின் ஒரே ஒரு காலத்தை. இங்கே யாரும் அப்படிச் செய்யவில்லை. பாறைமேல் விக்கிரகமில்லாத கோயில். கீழே அபிராமி கோயிலும் பள்ளிவாசலும் மாதாகோயிலும் தோல் ஷாப்புகளும். ஆனால் அங்கே கடப்பாறை செய்ததை இங்கே நம் எழுத்து செய்துகொண்டிருக்கிறது என்பதே என் பயம்.

திண்டுக்கல்லைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் பாறை ஏறி இறங்கிய பிறகு, கீழே ஒரு கிணற்றுத் தண்ணீரையும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு எழுத உட்காரட்டும்.